பைசார்ம்ல பச்சை முக்கோணத்தை அமுக்கினா பின்னாடி என்ன நடக்குது: பைத்தான் எழுதறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

டீம்ல புதுசா சேர்ற பசங்க என்கிட்ட மொதல்ல கேக்கற கேள்வி வருஷா வருஷம் ஒண்ணேதான். "அண்ணா, பிப் போட்டு பாண்டாஸ் இன்ஸ்டால் பண்ணிட்டேன், சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டுன்னு கூட வந்துச்சு, ஆனா ரன் பண்ணா மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்னு வருது." (பிப்ங்கறது பைத்தானுக்கு பேக்கேஜ் இறக்கிப் போடற டூல், பாண்டாஸ் அந்த மாதிரி ஒரு பேக்கேஜ்.) போய்ப் பாத்தா கோட்ல ஒரு தப்பும் இருக்காது. அவங்க மெஷின்ல மூணு பைத்தான் இருக்கும், பிப் ஒண்ணுல போய் பேக்கேஜை வச்சிருக்கும், ஐடிஇ (பைசார்ம் மாதிரி கோட் எழுதி ஓட்டற சாஃப்ட்வேர்) இன்னொண்ணை எடுத்து ஓட்டும், அவ்ளோதான் விஷயம். ஆனா அதுக்குள்ள அந்தப் பையன் அரை நாள் அல்லாடி, பைத்தானே நமக்கு வராது போலன்னு நினைக்கற அளவுக்குப் போயிருப்பான். அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா அவன் மாட்டினது பைத்தான்ல இல்ல, ஐடிஇ அவனுக்காக சத்தமில்லாம செஞ்ச ஒரு வேலையில.

அதனால ஷார்ட்கட் பட்டியல் போடறதை விட, ரன் பட்டனை, அதாவது அந்த பச்சை முக்கோணத்தை, அமுக்கினா ஐடிஇ நமக்குத் தெரியாம என்னென்ன செய்யுதுன்னு சொல்லித் தர்றதுதான் உருப்படியான உதவின்னு நினைக்கறேன். நான் தினமும் யூஸ் பண்றது பைசார்ம், அதனால அதை வச்சே சொல்றேன். மைக்ரோசாஃப்ட்டோட விஎஸ் கோட் எடிட்டர்ல இருக்கறவங்களுக்கும் பாதிக்கு மேல அப்படியே பொருந்தும், மாறற இடத்துல சொல்லிடறேன்.

எதை இன்ஸ்டால் பண்றது

இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம். பைத்தானை இன்னைக்குதான் ஆரம்பிக்கறீங்கன்னா பைத்தான் கூடவே வர்ற ஐடில் போதும், இல்லன்னா எஸ்டோனியாவுல டார்ட்டு யூனிவர்சிட்டியில உருவான தானி இருக்கு, வேரியபிள் மதிப்பு எப்படி மாறுதுன்னு படிப்படியா காட்டும், ஸ்கூல் பசங்களுக்கு அருமையான டூல். நாலஞ்சு ஃபைலைத் தாண்டி ப்ராஜெக்ட் பெருசாகும்போதுதான் பைசார்ம் மாதிரி ஒண்ணு நிஜமாவே தேவைப்படும்.

பைசார்ம் 2010ல வந்துச்சு, ப்ராக்ல இருக்கற ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி பண்றது. ரொம்ப வருஷம் கம்யூனிட்டி, ப்ரொஃபஷனல்னு ரெண்டு தனித்தனி டவுன்லோடு இருந்துச்சு, பழைய யூடியூப் வீடியோ எல்லாம் அதைத்தான் சொல்லும், பாத்து குழம்பிடாதீங்க. 2025.1 வெர்ஷன்ல இருந்து எல்லாம் ஒரே டவுன்லோடுதான். மொத ஒரு மாசம் ப்ரோ வசதி எல்லாம் ட்ரையலா கிடைக்கும், அதுக்கப்புறம் காசு கட்டலன்னாலும் அடிப்படை வசதி எல்லாம் இலவசமா ஓடிட்டே இருக்கும், ஜூப்பிட்டர் நோட்புக் உட்பட. ட்ரையல் முடிஞ்சா பூட்டிடுவாங்களோன்னு பயந்து சிலர் கிராக் வெர்ஷன் தேடறாங்க, தயவு செஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க, உங்க பாஸ்வேர்டு, கிட் (கோட் மாற்றத்தை எல்லாம் பதிஞ்சு வைக்கற டூல்) கீ எல்லாம் இருக்கற மெஷின் அது.

ரேம் 8 ஜிபி கண்டிப்பா வேணும், குரோம்ல இருபது டேப் திறந்து வச்சுக்கிட்டே வேலை பாக்கறவரா இருந்தா 16 இருந்தா நிம்மதி.

எந்த பைத்தான் ஓடுது: எல்லாத்துக்கும் இதுதான் அஸ்திவாரம்

பைசார்ம்ல ஏதாவது ஒரு ஃபைலை ரன் பண்ணிட்டு, கீழ வர்ற ரன் விண்டோவுல உங்க அவுட்புட்டைப் பாக்காதீங்க, அதுக்கு மேல முதல் வரியைப் பாருங்க. சாம்பல் மாதிரி கலர்ல நீளமா ஒரு வரி இருக்கும், முக்கால்வாசி பேர் அதைப் படிக்கறதே இல்ல. எந்த ஃபோல்டர்ல இருக்கற பைத்தானை எடுத்து எந்த ஃபைலை ஓட்டினேன்னு ஐடிஇ தானாவே அங்க முழுப் பாதையோட எழுதி வச்சிருக்கு. இப்ப கீழ டெர்மினல் டேபைத் திறந்து பைத்தானை ஓட விட்டு, சிஸ் மாட்யூலை இம்போர்ட் பண்ணி அதுல எக்ஸிக்யூட்டபிள்ங்கற மதிப்பை பிரிண்ட் பண்ணிப் பாருங்க. ரெண்டு பாதையும் ஒண்ணா இருந்தா உங்க செட்டப் சரி. வேற வேறயா இருந்தா, டெர்மினல்ல நீங்க போடற பேக்கேஜ் எதுவும் ரன் பட்டனுக்குப் போய்ச் சேராது. மாட்யூல் நாட் ஃபவுண்ட்ங்கற மர்மம் பெரும்பாலும் இந்த ரெண்டு வரியிலயே முடிஞ்சிடும்.

இதைத் தவிர்க்கறதுக்குதான் ப்ராஜெக்டுக்கு ஒண்ணுன்னு வெர்ச்சுவல் என்விரான்மென்ட், நம்மாளுங்க வென்வ்னு சொல்றது, அதாவது அந்த ப்ராஜெக்டுக்கு மட்டும்னு பைத்தானும் பேக்கேஜும் தனியா இருக்கற ஒரு ஃபோல்டர். இது 2012ல பைத்தான் 3.3லயே உள்ளேயே வந்துடுச்சு, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல (உபுண்டு, டெபியன் மட்டும் விதிவிலக்கு, அங்க ஆப்ட் மூலமா பைத்தான்3-வென்வ் பேக்கேஜைப் போட்டாதான் வேலை செய்யும்). பைசார்ம்ல புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே ப்ராஜெக்ட் வென்வ்னு ஆப்ஷன் வரும், அதையே வைங்க. ஏற்கனவே இருக்கற ப்ராஜெக்ட்னா வலது கீழ் மூலையில இன்டர்ப்ரெட்டர் (கோட்டை ஓட்டற பைத்தான்) பேர் தெரியும், அதை கிளிக் பண்ணி ஆட் நியூ இன்டர்ப்ரெட்டர், லோக்கல், வென்வ்னு போங்க. ப்ராஜெக்ட்ல ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல் (தேவையான பேக்கேஜ் பட்டியல்) இருந்தா, திறக்கும்போது பைசார்மே வென்வ் பண்ணித் தரவான்னு கேக்கும், சரின்னு சொல்லிடுங்க. விஎஸ் கோட்ல கமாண்ட் பேலட்டைத் திறந்து செலக்ட் இன்டர்ப்ரெட்டர்னு அடிச்சா அதே வேலை.

இதுல ஆளுங்க வழக்கமா தடுக்கி விழற சில இடம் இருக்கு. விண்டோஸ்ல பவர்ஷெல் டெர்மினல் திறந்ததும் ஸ்கிரிப்ட் ஓட்டறது தடை செய்யப்பட்டிருக்குன்னு சிவப்புல கத்தும், அப்ப வென்வ் ஆக்டிவேட் ஆகல, நீங்க பழைய பைத்தான்லயேதான் நிக்கறீங்கன்னு அர்த்தம். செட்டிங்ஸ்ல டூல்ஸ், டெர்மினல்னு போய் ஷெல்லை கமாண்ட் ப்ராம்ப்டா மாத்திட்டா தீந்துச்சு. புது உபுண்டுல சிஸ்டம் பைத்தான்ல நேரா பிப் போட்டா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு ஒரு எரர் வரும், அதோட அடியிலயே பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு வழியும் காட்டும், அந்த வழியில போகாதீங்க, பேர்லயே எச்சரிக்கை இருக்கு பாருங்க. உபுண்டுவோட சொந்த டூல்ஸ் பல அந்த சிஸ்டம் பைத்தானை நம்பித்தான் இருக்கு. வென்வ் பண்ணிட்டு அதுக்குள்ள போடுங்க, அந்த எரரே வராது.

இன்னொண்ணு, வென்வ் ஃபோல்டரை காப்பி பண்ணி பென்டிரைவ்ல ஃப்ரெண்டுக்குக் கொடுக்கறது. அது வேலை செய்யாது, ஏன்னா அதுக்குள்ள இருக்கற ஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் உங்க மெஷினோட முழுப் பாதை எழுதியிருக்கும், ப்ராஜெக்ட் ஃபோல்டரோட பேரை மாத்தினா உங்க மெஷின்லயே கூட உடையும். உடைஞ்சா ரிப்பேர் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க, அழிச்சிட்டு புதுசா பண்ணி ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலை வச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. வென்வ்ங்கறது எப்ப வேணா தூக்கிப் போட்டுட்டு மறுபடி பண்ணிக்கற மாதிரிதான் இருக்கணும், அதுக்குள்ள கைப்பட எதையும் எழுதி வைக்காதீங்க.

இதுக்கு சொந்தமா இன்னொரு வகை எரரும் இருக்கு. ப்ராக்டிஸ் பண்ணும்போது ஃபைலுக்கு ரேண்டம்னு பேர் வச்சுட்டு அதுக்குள்ளயே ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் பண்ணுவாங்க, பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கற ஃபோல்டரைத்தான் மொதல்ல தேடும், அதனால உங்க ஃபைலே உங்க ஃபைலை இம்போர்ட் பண்ணிக்கும், ராண்டின்ட்னு ஒரு ஃபங்ஷன் இல்லவே இல்லன்னு சொல்லும். சிஎஸ்வி, ஈமெயில், ஜேசன் இதுக்கெல்லாம் இதே கதைதான். பைத்தான் 3.13ல இருந்து எரர் மெசேஜே ஃபைல் பேரை மாத்திப் பாருங்கன்னு சொல்லுது. அதுக்கு முந்தின வெர்ஷன்ல இருக்கறவங்க, நல்லா தெரிஞ்ச ஃபங்ஷனையே இல்லன்னு சொன்னா மொதல்ல இடது பக்க ஃபைல் லிஸ்ட்டைப் பாருங்க.

என் மெஷின்ல ஓடுது, சர்வர்ல ஓடல

இந்த ஒரு விஷயத்துக்காக நான் ஒரு முழு ராத்திரியைக் கொடுத்திருக்கேன். முன்ன ஒரு இடத்துல வேலை பாத்தப்ப, தினமும் விடியற்காலையில ஓடற ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட், பைசார்ம்ல பத்து தடவை ஓட்டிப் பாத்து எல்லாம் சரின்னு சர்வர்ல போட்டேன், அங்க மொத இம்போர்ட் வரியிலயே நின்னுடுச்சு. நான் எழுதின மாட்யூல், அதே ப்ராஜெக்ட்ல கண்ணு முன்னாடி இருக்கு, இல்லங்குது.

காரணம் இதுதான். பைசார்ம் ரன் பண்ணும்போது உங்க ப்ராஜெக்டோட ரூட் ஃபோல்டரையும், சோர்ஸஸ் ரூட்னு நீங்க குறிச்சு வச்ச ஃபோல்டரையும் பைத்தான்பாத்ல (இம்போர்ட் பண்ணும்போது பைத்தான் தேடற ஃபோல்டர் பட்டியல்) தானாவே சேத்துடும். ரன் கான்ஃபிகரேஷன்ல கன்டென்ட் ரூட்ஸ், சோர்ஸ் ரூட்ஸ்னு ரெண்டு டிக் இருக்கும், எப்பவும் போட்டபடியேதான் வரும். அதனால ரூட்ல இருந்து எந்த சப் ஃபோல்டரை இம்போர்ட் பண்ணாலும் அது கண்டுபிடிக்கும். சர்வர்ல அந்த உதவிக்கு ஆள் இல்ல. அங்க பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கற ஃபோல்டரை மட்டும்தான் சேக்கும், அதுக்கு மேல இருக்கற ஃபோல்டர் அதுக்குத் தெரியாது.

அன்னையில இருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன். சர்வருக்குப் போகப்போற எதையும் பட்டனை அமுக்கி மட்டும் டெஸ்ட் பண்றதில்ல, அந்த ரெண்டு டிக்கையும் எடுத்துட்டு ஒரு தடவை, அப்புறம் பைசார்முக்கு வெளிய ஒரு சாதாரண டெர்மினல்ல ஒரு தடவை ஓட்டிப் பாப்பேன். சரி பண்ற வழியும் சுலபம்தான், ப்ராஜெக்ட் ரூட்ல நின்னுக்கிட்டு ஃபைல் பேரைக் கொடுக்காம, மைனஸ் எம் போட்டு மாட்யூல் பேரை புள்ளி வச்சு கொடுங்க, அப்ப பைத்தான் நீங்க நிக்கற ஃபோல்டரை சேத்துக்கும். பைசார்ம்லயும் ரன் கான்ஃபிகரேஷன்ல ஸ்கிரிப்ட்ங்கற இடத்தை மாட்யூல்னு மாத்திக்கலாம், அப்ப ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி ஓடும். சிலர் கோட் உள்ளயே சிஸ் பாத்ங்கற தேடற பட்டியல்ல அப்பெண்ட் பண்ணி ஒப்பேத்துவாங்க, அன்னைக்கு வேலை முடியும், ஆறு மாசம் கழிச்சு இன்னொருத்தர் ஃபோல்டரை நகர்த்தும்போது உடையும், வேணாம்.

இதோட கூடப்பொறந்ததுதான் வொர்க்கிங் டைரக்டரி. டேட்டா சிஎஸ்வின்னு வெறும் பேரை மட்டும் கொடுத்து ஃபைலைத் திறந்தா, பைத்தான் அதை எங்க தேடும்? ஸ்கிரிப்ட் இருக்கற இடத்துலன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இல்ல, ப்ராசஸ் எங்க நிக்குதோ அங்க. பைசார்ம் ஸ்கிரிப்ட் இருக்கற ஃபோல்டரையே வொர்க்கிங் டைரக்டரியா வச்சுடும், விஎஸ் கோட் வழக்கமா நீங்க திறந்த ப்ராஜெக்ட் ஃபோல்டரை வைக்கும், க்ரான்ல (லினக்ஸ்ல குறிச்ச நேரத்துக்கு ஸ்கிரிப்டை ஓட்டறது) ஓடினா அது ஹோம் ஃபோல்டர்ல நிக்கும். அதனாலதான் ஒரே டீம்ல பைசார்ம் வச்சிருக்கறவருக்கு ஓடறது பக்கத்து சீட்ல விஎஸ் கோட் வச்சிருக்கறவருக்கு ஃபைல் நாட் ஃபவுண்ட்னு வரும், ரெண்டு பேரும் உன் மெஷின்லதான் ஏதோ பிரச்சனைன்னு மாத்தி மாத்தி சொல்லிட்டிருப்பாங்க. பாத்லிப்ல இருக்கற பாத்தை எடுத்து, டபுள் அண்டர்ஸ்கோர் ஃபைல்ங்கற வேரியபிளோட பேரன்ட்ல இருந்து பாதையைக் கட்டினா எந்த ஐடிஇல ஓட்டினாலும் ஒரே இடத்தைத்தான் பாக்கும்.

பிரிண்ட்டை விட்டுட்டு டீபக்கருக்கு வாங்க

பிரிண்ட் போட்டு தேடறது கேவலம் ஒண்ணும் இல்ல, நானும் போடுவேன். ஆனா ஒரு பிரிண்ட் போட்டு, ரன் பண்ணி, பத்தலன்னு இன்னொண்ணு போட்டு, மறுபடி ரன் பண்ணி, டேட்டா லோடாக ரெண்டு நிமிஷம் எடுக்கற ஸ்கிரிப்ட்னா ஒரு பக்கைத் தேட ஒரு மதியம் போயிடும். டீபக்கர்ல ஒரு தடவை நிறுத்தினா போதும், அங்க நின்னுக்கிட்டு எத்தனை கேள்வி வேணா கேக்கலாம்.

வரி நம்பர் பக்கத்துல கிளிக் பண்ணா சிவப்புப் புள்ளி வரும், அதான் பிரேக்பாயின்ட். பச்சை முக்கோணத்துக்குப் பதிலா பக்கத்துல இருக்கற வண்டு படத்தை அமுக்குங்க, இல்லன்னா ஷிஃப்ட் + எஃப்9. அந்த வரி ஓடறதுக்கு முன்னாடி நிக்கும், ஓடின அப்புறம் இல்ல, இதை மனசுல வச்சுக்கோங்க, இல்லன்னா வேரியபிள்ல பழைய மதிப்பு இருக்கேன்னு குழம்புவீங்க. எஃப்8 அடுத்த வரி, எஃப்7 ஃபங்ஷன் உள்ள போறது, ஷிஃப்ட் + எஃப்8 வெளிய வர்றது, எஃப்9 அடுத்த பிரேக்பாயின்ட் வரைக்கும் ஓட விடறது. எஃப்7 அடிச்சு பாண்டாஸ் லைப்ரரி உள்ள போய் மாட்டிக்கிட்டா பயப்படாதீங்க, ஷிஃப்ட் + எஃப்8 அடிச்சு வெளிய வந்துடுங்க. அடுத்த தடவை ஆல்ட் + ஷிஃப்ட் + எஃப்7 அடிங்க, அது உங்க கோட்க்குள்ள மட்டும்தான் போகும்.

நின்ன இடத்துல ஆல்ட் + எஃப்8 அடிச்சா ஒரு பெட்டி வரும், அதுல எந்த பைத்தான் எக்ஸ்பிரஷனையும் எழுதி என்ன வருதுன்னு பாக்கலாம். என்னைக் கேட்டா பைசார்ம்ல இருக்கறதுலயே பெரிய வசதி இதுதான். ஒரு ஃபிக்ஸ் எழுதப் போறீங்கன்னா மொதல்ல அதை இந்தப் பெட்டியில, நிஜ டேட்டா மேல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் ஃபைல்ல எழுதுங்க.

லூப் பத்தாயிரம் தடவை சுத்துது, 7,342வது ரெக்கார்டுலதான் பிரச்சனைன்னா எஃப்9ஐ ஏழாயிரம் தடவை அமுக்க முடியாது. சிவப்புப் புள்ளி மேல ரைட் கிளிக் பண்ணுங்க, கண்டிஷன் எழுத இடம் வரும், தொகை நெகட்டிவா இருந்தா மட்டும் நில்லு, பேர் காலியா இருந்தா மட்டும் நில்லுன்னு பைத்தான்லயே எழுதலாம். அதே பெட்டியில சஸ்பெண்ட் டிக்கை எடுத்துட்டு, மோர்னு இருக்கறதை அமுக்கி, எவாலுவேட் அண்ட் லாக்ல ஒரு எக்ஸ்பிரஷன் கொடுத்தா நிக்காம மதிப்பை மட்டும் பிரிண்ட் பண்ணிட்டுப் போகும். கோட்ல கை வைக்காம பிரிண்ட் போட்ட மாதிரி, கிட் கமிட்ல தப்பித் தவறி போகாது.

அடுத்தது எக்ஸெப்ஷன் பிரேக்பாயின்ட், இதைத் தெரியாம வருஷக்கணக்கா வேலை பாக்கறவங்க இருக்காங்க. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்8 அடிச்சா பிரேக்பாயின்ட் லிஸ்ட் வரும், அதுல பைத்தான் எக்ஸெப்ஷன் பிரேக்பாயின்ட்னு ஒண்ணு இருக்கும், எரரை யாரும் பிடிக்காம ப்ரோகிராம் சாகற நேரத்துல நிக்கறதுக்கு அது. அதுலயே ஆன் ரெய்ஸ்னு மாத்தினா எரர் கிளம்பற நொடியிலயே நிக்கும். பழைய கோட்ல யாரோ ட்ரை போட்டு எக்ஸெப்ட் பாஸ்னு எழுதி எரரை முழுங்கி வச்சிருப்பாங்க பாருங்க, அவுட்புட் தப்பா வரும், எரரும் வராது, அந்த மாதிரி இடத்தைக் கண்டுபிடிக்க இதை விட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனா ஆன் ரெய்ஸை போட்டே வச்சுடாதீங்க, லைப்ரரிங்க உள்ளுக்குள்ள சாதாரணமாவே நிறைய எக்ஸெப்ஷன் எழுப்பிப் பிடிச்சுக்கும், எல்லாத்துலயும் நிக்கும். வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியாகணும். டீபக்கர் வெறுமனே பாத்துட்டு நிக்கற ஆள் இல்ல, வேரியபிளைக் காட்டறதுக்கு அந்த ஆப்ஜெக்ட்டோட ரெப்பர் மெத்தடை (அதை எழுத்தா மாத்திக் காட்டறது) ஓட்டும். ஜாங்கோங்கற வெப் ஃப்ரேம்வொர்க்ல குவெரிசெட் (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) வச்சிருந்தீங்கன்னா அது சோம்பேறி ஆப்ஜெக்ட், தேவைப்படற வரைக்கும் டேட்டாபேஸுக்குப் போகாது, ஆனா டீபக்கர்ல பாக்கப் போய் அது அங்கயே குவெரியை ஓட்டிடும், அப்ப நீங்க பாக்கற நடத்தை டீபக்கர் இல்லாம ஓடும்போது வர்றது இல்ல. ஜெனரேட்டர் (ஒரே ஒரு தடவை, ஒவ்வொண்ணா மதிப்பைத் தர்றது) இன்னும் மோசம், உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமேன்னு ஆல்ட் + எஃப்8ல லிஸ்ட்டா மாத்திப் பாத்தீங்கன்னா தீந்து போச்சு, அடுத்த வரியில இருக்கற லூப்புக்கு ஒண்ணும் மிஞ்சாது, அங்க புதுசா ஒரு பக் இருக்கறதா நினைச்சு தேடிக்கிட்டிருப்பீங்க. டீபக்ல ஒரு மாதிரியும் ரன்ல ஒரு மாதிரியும் வந்தா இந்த ரெண்டையும்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன்.

டீபக் மோட்ல வேகம் குறையும், அது இயல்பு. பைத்தான் 3.12ல டீபக்கர்களுக்காக புதுசா ஒரு மானிட்டரிங் வசதி வந்திருக்கு, அதைப் பயன்படுத்தற டீபக்கர்ல அந்த சுமை நல்லாவே குறையும், பழைய பைத்தான்லயே இருக்கறவங்களுக்கு வெர்ஷன் ஏத்த இது ஒரு நல்ல காரணம்.

கோட்ல சுத்தி வர்றது, பேர் மாத்தறது

ஷார்ட்கட் நூறு இருக்கு, நூறையும் மனப்பாடம் பண்ண வேணாம். ஷிஃப்ட்டை ரெண்டு தடவை தட்டுங்க, தேடற பெட்டி வரும், ஃபைல் பேர், கிளாஸ் பேர், செட்டிங் பேர் எதை வேணா அடிங்க, செயலோட பேரை அடிச்சா அதுக்கான கீயையும் பக்கத்துல காட்டும். இது ஒண்ணு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும், மேக்ல இருக்கறவங்களுக்கும் நான் சொல்ற கீ வேற மாதிரி இருந்தா இங்கயே கண்டுபிடிச்சுக்கலாம். அடுத்தவங்க எழுதின பெரிய கோட்ல இறங்கும்போது எனக்கு கன்ட்ரோல் + பி, அதாவது இது எங்க எழுதியிருக்குன்னு போறது, ஆல்ட் + எஃப்7, இதை யாரெல்லாம் கூப்பிடறாங்கன்னு பாக்கறது, இந்த ரெண்டும்தான் கையும் காலும். ஏதாவது மஞ்சளாவோ நெளிகோடாவோ தெரிஞ்சா ஆல்ட் + எண்டர், என்ன பண்ணலாம்னு அதுவே சொல்லும்.

பேர் மாத்த ஃபைண்ட் ரீப்ளேஸ் போடாதீங்க, ஷிஃப்ட் + எஃப்6 போடுங்க. டேட்டாங்கற வேரியபிளை ரீப்ளேஸ்ல மாத்தினா டேட்டாஃப்ரேம்ல இருக்கற டேட்டாவும் சேந்து மாறும், ரீஃபேக்டர் அந்த வேரியபிளை மட்டும் மாத்தும். ஆனா முழுசா நம்பிடவும் கூடாது, கெட்ஆட்டர் ஃபங்ஷன்ல ஸ்டிரிங்கா கொடுத்த பேரோ டெம்ப்ளேட்ல இருக்கற பேரோ பைசார்ம் கண்ணுல படாம போகலாம், அதனால ப்ரிவியூ பாத்துட்டு மாத்துங்க, மாத்தின அப்புறம் பழைய பேரை ஒரு தடவை கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்ல தேடிடுங்க.

புள்ளி வச்சா ஒண்ணுமே சஜஷன் வரலன்னு புலம்பறவங்களுக்கு: ஃபங்ஷன் பாராமீட்டருக்கு டைப் ஹின்ட் போட்டுப் பாருங்க. உள்ள என்ன வரப்போகுதுன்னு நீங்க சொல்லாம ஐடிஇக்கு எப்படித் தெரியும், ஒரு கோலன் வச்சு கிளாஸ் பேரைப் போட்டதும் அடுத்த நொடியே மெத்தட் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். திடீர்னு எல்லா ஃபைல்லயும் சஜஷன் நின்னு போச்சுன்னா ஃபைல் மெனுவுல பவர் சேவ் மோட் தெரியாம ஆன் ஆயிருக்கான்னு பாருங்க, எங்க டீம்லயே ரெண்டு பேர் இதனால பைசார்மை அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போட்டிருக்காங்க.

ஸ்லோவா இருக்குன்னா முக்கால்வாசி இண்டெக்ஸிங், அதாவது பைசார்ம் எல்லா ஃபைலையும் படிச்சு தேடறதுக்குத் தயார் பண்றது, அதுதான் காரணம். ப்ராஜெக்ட் உள்ள டேட்டா, லாக், நோட் மாட்யூல்ஸ்னு பெரிய ஃபோல்டர் இருந்தா ரைட் கிளிக், மார்க் டைரக்டரி ஆஸ், எக்ஸ்க்ளூடட். மொத தடவை திறக்கும்போது இண்டெக்ஸிங் முடியற வரைக்கும் டீ குடிச்சிட்டு வாங்க. அப்பவும் திணறினா ஹெல்ப் மெனுவுல சேஞ்ச் மெமரி செட்டிங்ஸ் இருக்கு.

கிட்ல போடறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேர வேலையை அழிச்சிட்டீங்கன்னா அழ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபைல் மேலயோ ஃபோல்டர் மேலயோ ரைட் கிளிக் பண்ணி லோக்கல் ஹிஸ்டரியைப் பாருங்க. கிட் இல்லாமலேயே பைசார்ம் அஞ்சு வேலை நாளுக்கான மாற்றத்தை வச்சிருக்கும், டெலீட் பண்ண ஃபைலைக் கூட அந்த ஃபோல்டரோட ஹிஸ்டரியில இருந்து எடுக்கலாம். ஆனா இன்வாலிடேட் கேஷஸ் பண்ணும்போது லோக்கல் ஹிஸ்டரியையும் அழின்னு ஒரு டிக் இருக்கும், அதைப் பாக்காம போட்டா இதுவும் போயிடும்.

தமிழ் டேட்டாவோட வேலை பாக்கறவங்களுக்கு

இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், ஏன்னா இங்கிலீஷ் டுட்டோரியல் எதுலயும் இது வராது. விண்டோஸ்ல தமிழ் டெக்ஸ்ட் ஃபைலை என்கோடிங் (எழுத்தை பைட்டா மாத்தற முறை) சொல்லாம ஓபன் பண்ணா, பைத்தான் 3.14 வரைக்கும் அதை யூடிஎஃப்-8ஆ எடுத்துக்காது, சிஸ்டத்தோட பழைய கோட் பேஜைத்தான் எடுக்கும், வழக்கமா 1252. அதுல வேடிக்கை என்னன்னா சில ஃபைல் எரரே இல்லாம திறக்கும், சிலது வெடிக்கும். காரணம் எழுத்துலயே இருக்கு. யூடிஎஃப்-8ல நம்ம ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூணு பைட், புள்ளியோட கடைசி பைட் 8டி, உகரக் குறியோட கடைசி பைட் 81, ஏவுக்கு 8எஃப், ஐக்கு 90. இந்த நாலு பைட்டுக்கும் 1252ல எழுத்தே கிடையாது. அதனால தாமரைன்னு மட்டும் இருக்கற ஃபைல் எரர் இல்லாம, ஆனா கிறுக்கல் மாதிரி படிக்கும், தமிழ்னு எழுதியிருந்தா ழ் மேல இருக்கற புள்ளியில போய் 0எக்ஸ்8டியை டீகோட் பண்ண முடியலன்னு நிக்கும். அந்த எரரைப் பாத்தா ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க, ஃபைல் நல்லாத்தான் இருக்கு.

பைசார்ம்ல செட்டிங்ஸ், எடிட்டர், ஃபைல் என்கோடிங்ஸ்ல எல்லாத்தையும் யூடிஎஃப்-8னு வைங்க, ஆனா அது எடிட்டர் ஃபைலைக் காட்டறதுக்கும் சேவ் பண்றதுக்கும் மட்டும்தான், உங்க ப்ரோகிராம் ஓபன் பண்றதை அது மாத்தாது. இங்கதான் மறுபடியும் அந்த பட்டனுக்குப் பின்னாடி நடக்கற வேலை வருது. பைசார்ம் ரன் பண்ணும்போது பிரிண்ட் போற வழிக்கு மட்டும் யூடிஎஃப்-8னு தானாவே செட் பண்ணிக் கொடுக்கும், அதனால தமிழ் பிரிண்ட் ரன் விண்டோவுல அழகா வரும். அதே ஸ்கிரிப்டை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டு அவுட்புட்டை லாக் ஃபைலுக்கு திருப்பி விட்டீங்கன்னா முதல் தமிழ் எழுத்துலயே என்கோட் எரர். ஓபன் பண்ற ஒவ்வொரு இடத்துலயும் என்கோடிங் யூடிஎஃப்-8னு கையால எழுதுங்க, மெஷின்ல பைத்தான்யூடிஎஃப்8ங்கற என்விரான்மென்ட் வேரியபிளை 1னு வச்சுடுங்க, 3.7ல இருந்தே அது வேலை செய்யும். 3.15ல இருந்து யூடிஎஃப்-8தான் டீஃபால்ட், ஆனா கிளையன்ட் மெஷின்ல என்ன வெர்ஷன் இருக்கும்னு நம்ம கையில இல்ல.

சிஎஸ்வியை எக்ஸல்ல திறக்கப் போறாங்கன்னா என்கோடிங்கை யூடிஎஃப்-8 சிக்னு (ஃபைல் ஆரம்பத்துல ஒரு அடையாளக் குறி சேக்கறது) கொடுத்து எழுதுங்க, அப்பதான் எக்ஸலுக்கு இது யூனிகோட்னு புரியும். அந்த மாதிரி ஃபைலை வெறும் யூடிஎஃப்-8ல திரும்பப் படிச்சா மொத பத்தியோட (காலம்) பேருக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கும், பேர்ங்கற காலம் கண்ணு முன்னாடி இருக்கும், கீ எரர் வரும். அப்ப ஒரு பிரேக்பாயின்ட் வச்சு, ஆல்ட் + எஃப்8 அடிச்சு, அந்தக் காலம் பேரோட லென்னை, அதாவது நீளத்தைக் கேளுங்க. பேர்னு எழுதினா ப, ஏகாரக் குறி, ர, புள்ளின்னு நாலு வரணும். அஞ்சுன்னு வந்தா படிக்கற இடத்துலயும் சிக் போட்டுடுங்க, சரியாயிடும்.